மறுமொழி: பின்னலில் வரும் 'ஸ்டிச்': தையலா, முடிச்சா, கண்ணியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கைவேலைக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவதற்காக நாம் தொகுக்கும் கைவினைச் சொற்பட்டியலில் நகைப் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. அங்கே பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. தோடு, ஜிமிக்கி, திருகு, கொக்கி, பாசி, வளையம் என்று வேண்டிய சொற்கள் எல்லாம் சௌகார்பேட்டைக் கடைகளிலேயே புழங்குகின்றன. பட்டு நூல் வளையல் செய்பவர்களும் டெரகோட்டா செய்பவர்களும் அவற்றைத்தான் சொல்கிறார்கள். நாம் புதிதாக உருவாக்க வேண்டியது ஐந்தாறுகூடத் தேறாது. வீட்டு அலங்காரப் பகுதியும் அப்படியே.

பின்னல் பகுதியில்தான், அதாவது ஊசியும் நூலும் கொண்டு ஸ்வெட்டர் போன்றவை பின்னும் 'நிட்டிங்'கில்தான், எல்லோரும் ஒரே சொல்லில் நிற்கிறோம். ஸ்டிச். ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளைவுக்கும் ஆங்கிலத்தில் சொல்வது. தையல், துன்னம், முடிச்சு, கண்ணி என்று குழுவில் ஆளுக்கொரு சொல் முன்வைத்திருக்கிறோம். இதற்கு ஒரு சொல் அமைந்துவிட்டால் அதை ஒட்டி வரும் முப்பது, நாற்பது சொற்களும் தாமாக அமைந்துவிடும். இதில் தவறிவிட்டால் பிறகு எழுதும் ஒவ்வொரு செய்முறைக் குறிப்பும் தடுக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வாக்கு 'கண்ணி'க்கு.

முதலில் தையல். பெரம்பூர் அக்கா சொன்னதுபோல், கைப்பேசி மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்தான் வந்து விழுகிறது. '20 தையல் போடவும்' என்கிறது. தையல் என்றால் ஊசி துணியைத் துளைத்து நூலை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னலில் துளைப்பதற்குத் துணியே கிடையாது, அது அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. நூலில் ஒரு வளைவு, அதற்குள் நுழைத்து இழுத்த இன்னொரு வளைவு, அதற்குள் அடுத்தது. அவ்வளவுதான் பின்னல்.

இது வெறும் இலக்கணக் கவலை என்று நினைக்க வேண்டாம். ஒரு கைப்பை பின்னும் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு என்று பின்னி, கடைசியில் முனை மழுங்கிய ஊசியால் மூன்று ஓரமும் தைக்க வேண்டும். உள்ளே துணி வைத்துத் தைப்பவர்களும் உண்டு. 'ஸ்டிச்' வரும் இடத்திலெல்லாம் தையல் என்று எழுதிவிட்டால், உண்மையாகவே தைக்கச் சொல்லும் இடத்தில் என்ன எழுதுவது? எங்கள் வகுப்பில் ஒரு பெண் '2 தையலைச் சேர்க்கவும்' என்ற வரியைப் படித்துவிட்டு, தையல் ஊசியை எடுத்துக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வளைவுகளை ஒன்றாகப் பின்னி எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்ன வரி அது. அவர் மீது குறையே இல்லை. எழுதியிருந்ததைத்தான் அவர் செய்தார்.

ஐயா முன்வைத்த 'துன்னம்' அழகான சொல். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத் தெருவிலேயே துன்னகாரர் இருக்கிறார். ஆனால் அவரும் துணி தைக்கிறவர்தான். ஆரி வேலைக்கோ, கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வைக்கோ துன்னம் பொருந்தும். அந்தப் பகுதிக்கு இதை எடுத்து வைக்கலாம் என்பது என் கருத்து. பின்னலுக்குக் கொண்டுவந்தால் தையலில் இருந்த அதே குழப்பம்தான் திரும்ப வரும்.

முடிச்சு என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பின்னலின் சிறப்பே அதில் முடிச்சு கிடையாது என்பதுதான். முடித்த இடத்தைப் பிரித்து நூலை இழுத்தால் முழு ஸ்வெட்டரும் சரசரவென்று ஒரே நூலாக வந்துவிடும். அதையே மறுபடி உருண்டையாகச் சுற்றி வேறு ஒன்று பின்னலாம். முடிச்சுப் போட்டதில் இது நடக்காது. தவிர, முடிச்சுக்கு ஏற்கனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒயர் கூடையில் நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். சுவரில் தொங்கும் மேக்ரமே முழுக்க முடிச்சுதான். அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடுவோம்.

அப்புறம், 'ஸ்டிச் என்றே வைத்துக்கொண்டால் என்ன?' என்று தம்பி கேட்டது. நியாயமான கேள்வி. கடையிலும் வகுப்பிலும் பேசும்போது ஸ்டிச் என்று சொல்லட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்திலேயே தையல் மெஷினுக்கும், எம்பிராய்டரிக்கும், ஊசிப் பின்னலுக்கும், டாக்டர் காயத்தில் போடுவதற்கும் பொதுவாக இருக்கிறது. நம்மிடம் இவற்றைப் பிரித்துச் சொல்லத் தனிச் சொல் கைவசம் இருக்கும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

இப்போது கண்ணி.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் பக்கம் பூ கட்டுகிறவர்களின் கையைச் சற்று நின்று பாருங்கள். இடது கையில் நார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, காம்புகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று. வலது கை விரல்களில் நாரை ஒரு திருப்புத் திருப்பி வளைவாக்கி, அந்த வளைவைக் காம்புகளின்மேல் மாட்டி ஒரு இழுப்பு. கண் இமைக்கும் நேரத்தில் அடுத்த இரண்டு பூ. இப்படி இரண்டிரண்டாக வைத்துத் தொடுப்பதுதான் கண்ணி. இரண்டிரண்டு அடியாக வரும் பாட்டுக்கும் இதே பெயர்தான், தாயுமானவரின் பராபரக்கண்ணி அப்படி வந்தது.

அதே வளைவைப் பூவுக்குப் பதிலாகப் பின்னல் ஊசியில் மாட்டினால், ஆங்கிலத்தில் 'காஸ்ட் ஆன்' என்று சொல்லும் முதல் வரிசையின் மிக எளிய முறை கிடைத்துவிடுகிறது. கட்டைவிரலில் நூலைச் சுற்றி, அந்த வளைவை ஊசியில் ஏற்றி, நூலை இழுப்பது. பூ கட்டத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. 'நாரை விரலில் சுற்றுவீர்களே, அதேதான், ஊசியில் மாட்டுங்கள்' என்றால் கை தானாகப் போகிறது. மற்றவர்கள் நூல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் ஊசி நிறைய ஏற்றிவிடுகிறார்கள்.

கண்ணியின் மற்றப் பொருள்களும் இதே திசையில்தான் போகின்றன. பறவை பிடிக்க வைக்கும் சுருக்கு கண்ணி. பின்னலில் ஊசியில் ஏறும் முதல் வளைவும் பெரும்பாலும் ஒரு சுருக்குதான், இழுத்தால் இறுகும், தளர்த்தினால் விரியும். வலையின் ஒவ்வொரு துளையும் கண்ணி. சங்கிலியில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையங்களும் கண்ணி. நுண்ணிய கயிற்றால் கண்ணனைக் கட்டியதைச் சொல்லும் மதுரகவியாழ்வாரின் பாசுரம் 'கண்ணி நுண் சிறுத்தாம்பு' என்றே தொடங்குகிறது. நூல் வளைந்து, ஒன்றைப் பிடித்து, விடாமல் நிற்பது என்ற கருத்து எல்லாவற்றிலும் இருக்கிறது. பின்னலில் நடப்பதும் அதுவே.

சொல் வினைகளோடு சேர்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமான சோதனை. கண்ணி ஏற்றுதல், கண்ணி கூட்டுதல், கண்ணி குறைத்தல், கடைசி வரிசையை பிரியாமல் முடிப்பதற்குக் கண்ணி அடைத்தல். ஊசியிலிருந்து ஒன்று விழுந்துவிட்டால் 'கண்ணி நழுவிவிட்டது'. நழுவிய கண்ணிக்குக் கீழே வரிசை வரிசையாகப் பிரிந்து ஏணிப்படிபோல் குறுக்கு நூல்கள் தெரியுமே, அது 'ஏணி'. நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியைக் கீழே உள்ள கண்ணியில் நுழைத்து, ஏணியின் முதல் படியை அதன் வழியாக இழுத்து, பிறகு அடுத்த படி என்று மேலே வரை ஏறிப் பின்னல் ஊசியில் திரும்ப மாட்டிவிடலாம். இந்த வாக்கியத்தையே 'தையல்' போட்டு எழுதிப் பாருங்கள், கை எங்கே போகிறது என்றே புரியாது.

அளவு சொல்வதற்கும் பொருந்துகிறது. நூல் சுற்றிய காகிதத்தில் அச்சிட்டிருக்கும் அளவை '10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை' என்று எழுதலாம். ஊசியின் அளவை மட்டும் மி.மீ.யிலேயே கொடுப்போம். பழைய இங்கிலாந்து எண் 8 என்பது 4 மி.மீ., அமெரிக்க எண் 8 என்பது 5 மி.மீ. நம் ஊரில் பழைய எண் போட்ட ஊசிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் எண்ணை மட்டும் எழுதினால் பை சுருங்கியோ தொளதொளத்தோ போகும்.

அடுத்து, பின்னலின் இரண்டு அடிப்படைச் செய்முறைகளான நிட், பர்ல். பலர் இந்தி வழியாக 'சீதா, உல்டா' என்று சொல்கிறார்கள். அகக்கண்ணி, புறக்கண்ணி என்று ஒரு யோசனை வந்தது. கேட்க நன்றாக இருந்தாலும், எது அகம் எது புறம் என்பது துண்டைத் திருப்பியதும் மாறிவிடும். உண்மையில் இவை இரண்டு வேறு கண்ணிகளே இல்லை. வளைவை நம்மை நோக்கி இழுத்தால் நம் பக்கம் வழவழப்பாகத் தெரியும், அப்பால் தள்ளினால் நம் பக்கம் மேடு தெரியும். ஒன்றின் மறுபக்கம்தான் மற்றொன்று. ஆகவே நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. கோலத்தில் நேர்ப்புள்ளி என்று சொல்லிப் பழகிய காதுக்கு நேர்க்கண்ணி அன்னியமாக இருக்காது. சுருக்கக் குறி 'நே', 'ம'. கோலப் புத்தகங்களில் '15-8 இடுக்குப்புள்ளி' என்ற ஒரு வரியைப் பார்த்தே முழுக் கோலத்துக்கும் புள்ளி வைத்துவிடுகிறோம். 'நே 2, ம 2' என்பதையும் அப்படியே படித்துவிடுவார்கள்.

ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவுக்கும் இந்தச் சொல் கைகொடுக்கிறது, அங்கே தேவை இன்னும் அதிகம். அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்பது இங்கிலாந்துக் குறிப்பில் டபுள் குரோஷே. அமெரிக்க டபுள், இங்கிலாந்தில் டிரெபிள். ஒற்றை, இரட்டை என்று மொழிபெயர்த்தால் எந்த ஊர்க் குறிப்பு என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியையே எடுக்க வேண்டும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு உயரத்தால் பெயர் வைப்போம். அமெரிக்கச் சிங்கிள் குறுங்கண்ணி, ஹாஃப் டபுள் இடைக்கண்ணி, டபுள் நெடுங்கண்ணி. குறில், நெடில் படித்த யாருக்கும் இது விளங்கும். செயின் சங்கிலியாகவே இருக்கட்டும். 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுப் பெண்கள் 11,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட குரோஷாப் போர்வையை இதே சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். கொக்கி பிடிக்கும் கைகள் இத்தனை இருக்கும் ஊரில், தமிழில் குழப்பமில்லாமல் படிக்க ஒரு குறிப்பு இல்லையே என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

நெடுங்கண்ணி என்றால் நீண்ட கண்களை உடையவள் ஆயிற்றே என்று ஐயா கேட்பார், தெரியும். சிக்கல் கோயில் அம்மன் பெயரே வேல்நெடுங்கண்ணி. ஆனால் '3 நெடுங்கண்ணி, 1 சங்கிலி' என்ற வரியில் அந்தக் குழப்பம் வர வழியில்லை. அந்த அழகான பெயர் கைவேலைக் குறிப்பிலும் ஒலிப்பது எனக்கு மகிழ்ச்சிதான். கண்ணிவெடி நினைவுக்கு வருகிறது என்று எழுதிய அக்காவுக்கு: அந்தச் சொல்லிலும் கண்ணி வந்தது, கால் வைத்தால் சிக்க வைக்கும் பொறி என்ற பொருளில்தான். ஒரு வெடிக்காகப் பூச்சரத்தின் சொல்லை நாம் விட்டுக்கொடுக்க வேண்டாம். கண்ணி, கன்னி உச்சரிப்புச் சிக்கல் மட்டும் உண்மை. வகுப்பில் ஒருமுறை எழுதிக் காட்டினால் சரியாகிவிடும்.

விவாதத்தை இங்கேயே சுற்றவிடாமல் ஒரு சிறு குறிப்பை எழுதிப் பார்த்திருக்கிறேன். காபி டம்ளருக்கு அடியில் வைக்கும் சதுர விரிப்பு. ஓரம் சுருளாது, தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது.

நூல்: நடுத்தரத் தடிமன் பருத்தி. (சென்னை வெயிலுக்கும் டம்ளர் ஈரத்துக்கும் கம்பளி நூல் வேண்டாம்.)
ஊசி: 4 மி.மீ.
21 கண்ணி ஏற்றவும்.
வரிசை 1: (நே 1, ம 1) என்பதையே கடைசிக் கண்ணிக்கு முன்புவரை திரும்பத் திரும்ப, பிறகு நே 1.
சதுரமாகும் வரை எல்லா வரிசையும் இதேபோல்.
கண்ணிகளைத் தளர்வாக அடைத்து, நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, நுனியை ஓரத்தில் கோத்து மறைக்கவும்.

ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் ஒவ்வொரு வரிசையும் நேர்க்கண்ணியில் தொடங்கி நேர்க்கண்ணியிலேயே முடியும். மேடாகத் தெரியும் கண்ணியின்மேல் நேர், வழவழப்பானதன்மேல் மறு. அரிசி தூவியதுபோல் இரு பக்கமும் ஒன்றாக வரும்.

வகுப்பு எடுப்பவர்கள் இதை அச்சிட்டு, வாய்விளக்கம் எதுவும் சொல்லாமல் மாணவிகளிடம் கொடுத்துப் பாருங்கள். பூ கட்டத் தெரிந்தவர், தெரியாதவர் இருவரிடமும் கொடுங்கள். எந்த வரியில் ஊசி நிற்கிறது என்று மட்டும் எழுதுங்கள். 'அடைத்தல்' என்ற சொல்லில் எனக்கே இன்னும் முழுத் திருப்தி இல்லை, 'கட்டுதல்' பொருந்துமா என்று பெரம்பூர் அக்கா சொன்னால் நல்லது. குரோஷாவைக் 'கொக்கிப் பின்னல்' என்று மாற்றுவதா, பாட்டிமார் சொன்னபடி குரோஷா என்றே விடுவதா என்பதைத் தனி மடலில் தொடங்குகிறேன்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து