கேமிங் கீபேடை மட்டும் வைத்து முழு கீபோர்டு வேலையும் பார்க்க முடியுமா? உதவி தேவை

கேள்வி

வணக்கம் நண்பர்களே. வலது மணிக்கட்டில் கட்டு. கொஞ்ச நாளைக்கு இடது கை மட்டும்தான். முழு கீபோர்டில் ஒற்றைக் கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவதில் தோள் கடுக்கிறது. என்னிடம் இடது கைக்கான கேமிங் கீபேட் இருக்கிறது. வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை விசைகள், கட்டைவிரலுக்கு எட்டுத் திசைப் பட்டை ஒன்று, அதன் மேலும் கீழும் தனி பட்டன்கள். விண்டோஸ் 11.

பாதி எழுத்துகள் அதில் இல்லவே இல்லை. மென்பொருளில் மேப்பிங் (எந்த விசை எந்த எழுத்து என்ற அமைப்பு) மாற்றினாலும் லாகின் திரையில் அது வேலை செய்வதில்லை. தமிழ்99 விசைப்பலகை முறையில் நிறைய எழுதுபவன் நான், அதற்கும் வழி வேண்டும். யாராவது இப்படிப் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

பதில்

முடியும். கணினிக்கு அதுவும் ஒரு யூஎஸ்பி கீபோர்டுதான்.

முதலில் இடது ஓர நெடுவரிசையைப் பாருங்கள். விளையாட்டுக்காக அங்கே டேப், கேப்ஸ் லாக், ஷிஃப்ட் வைத்திருப்பார்கள். அதனால் ஆள்காட்டி விரலுக்கு வரவேண்டிய கடைசி எழுத்துகள் வெளியே போய்விடுகின்றன. அந்த மூன்றையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எல்லா எழுத்துகளையும் ஒரு விசை இடப்பக்கம் தள்ளுங்கள். சாதாரண கீபோர்டின் இடது பாதி, அதாவது 15 எழுத்துகள், அப்படியே வந்துவிடும்.

மீதி வலது பாதிக்குக் கண்ணாடி லேயர். ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் இடது பாதி வலது பாதியாக மாறும்: எஃப் இருந்த இடத்தில் ஜே, ஆர் இருந்த இடத்தில் யூ, கியூ இருந்த இடத்தில் பி, 1 இருந்த இடத்தில் 0. எந்த விரல் எந்த எழுத்துக்கு என்பது மூளைக்கு ஏற்கெனவே தெரியும், கை மட்டும்தான் மாறுகிறது. எட்கர் மத்தியாஸும் கூட்டாளிகளும் 1993-இல் ஹாஃப்-குவெர்ட்டி என்று ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது இதே முறையைப் பற்றித்தான். ரேசர் நிறுவனக் கீபேடுகளின் மென்பொருளில் இந்த இரண்டாம் லேயருக்குப் பெயர் ஹைப்பர்ஷிஃப்ட். உங்கள் மென்பொருளில் அப்படி எதுவும் இல்லையென்றால் ஆட்டோஹாட்கீ என்ற விசைமாற்று மென்பொருளில் எழுதிக்கொள்ளலாம்.

கேட்டவர்

நெடுவரிசை விஷயம் சரியாகிவிட்டது, மிக்க நன்றி! கண்ணாடி லேயரை ஸ்பேஸ் விசையில் வைத்தேன்: தட்டினால் இடைவெளி, பிடித்தால் லேயர். மெதுவாக அடித்தால் சரி. வேகம் கூட்டினால் சொற்கள் ஒட்டிக்கொண்டு தப்பான எழுத்து விழுகிறது.

பதில்

ஸ்பேஸை விடுவதற்குள் அடுத்த எழுத்தைத் தொட்டுவிடுகிறது விரல். வேகமாக அடிக்கும் எவருக்கும் இது நடக்கும். மென்பொருளோ ‘பிடித்திருக்கிறார்’ என்று எடுத்துக்கொள்கிறது. நேர அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்தான், ஆனால் அதில் மல்லுக்கட்ட வேண்டாம் என்பேன். கட்டைவிரலுக்கு இரண்டு பட்டன் இருக்கிறதே, ஒன்று ஸ்பேஸுக்கு மட்டும், மற்றது லேயருக்கு மட்டும். எண்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட் மூன்றும் திசைப் பட்டையில். மூலைத் திசைகளை விட்டுவிடுங்கள், அங்கே விரல் வழுக்கும்.

கன்ட்ரோல், ஆல்ட் கூட்டு விசைகளுக்கு விண்டோஸில் ஸ்டிக்கி கீஸைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும், சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை.

வேறொருவர் பதில்

லாகின் பற்றி: மேப்பிங் மென்பொருள் நீங்கள் உள்ளே நுழைந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதற்கு முன் கீபேட் தன் உள்நினைவில் உள்ளதை மட்டும் அனுப்பும். கீபேடிலேயே சேமிக்கும் வசதி இருந்தால் சாதாரண விசை மாற்றங்கள் நிற்கும், லேயர் நிற்பது மாடலைப் பொறுத்தது. எளிய வழி விண்டோஸ் பின் (PIN), அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் எண். மேல் வரிசையில் 1 முதல் 5 வரை இருப்பதால் அந்த எண்களிலேயே அமைக்கலாம், நான்கு இலக்கத்தோடு நிறுத்தாமல் நீளமாக வையுங்கள். மாட்டிக்கொண்டால் லாகின் திரையின் வலது கீழ் மூலையில் அணுகல் வசதிக் குறியீடு இருக்கும், அதில் திரைக் கீபோர்டு கிடைக்கும். பயாஸுக்காக (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினி அமைப்புத் திரை) பழைய கீபோர்டும் செருகியபடியே இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

கேட்டவர்

பின் அமைத்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது. லேயரைத் தனி பட்டனுக்கு மாற்றியதும் தப்பெழுத்துகளும் போயின. தமிழ்99?

முதலில் பதில் சொன்னவர்

தமிழ்99 இதற்கு அருமையாகப் பொருந்தும். உயிரெழுத்துகள் எல்லாம் இடது பக்கம், மெய் பெரும்பாலும் வலது பக்கம். ஆக உயிருக்கு லேயர் வேண்டாம், மெய்க்கு லேயர். ‘அம்மா’ என்று எழுத: சுண்டுவிரலில் அ, லேயரைப் பிடித்தபடி நடுவிரலை இருமுறை தட்டினால் ம்ம, லேயரை விட்டுவிட்டு கியூ, அதில்தான் ஆ. புள்ளி தானாக விழும். வ, ங இரண்டும் இடது பக்கத்திலேயே இருக்கின்றன.

இடிக்கும் இடம் ஒன்று உண்டு. ச, ஞ, ய மூன்றும் வலது ஓரத்தில் கூடுதலாக உள்ள விசைகளில் இருப்பவை. ஐந்து நெடுவரிசைக் கண்ணாடியில் அவை அகப்படா. ச, ய இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாது, எனவே அவற்றுக்கு நல்ல இடமே கொடுங்கள்: மேல் வரிசையில் 3, 4 விசைகளின் லேயரில் வைக்கலாம். அங்கிருந்த 8, 7 வேறெங்காவது போகட்டும். ஞ-வை 2-இன் லேயரில் வையுங்கள், அடிக்கடி வராது.

இன்னொன்று, தமிழுக்குத் தனி புரொஃபைல் (சேமித்த விசை அமைப்பு) வையுங்கள். ஆங்கிலப் புரொஃபைலில் இதே மாற்றத்தைச் செய்தால் எண்கள் அடிக்கும்போது குழம்பும். ஒற்றைக் கைக்கு இரட்டைச் சுமை என்பதால் இடது மணிக்கட்டு இறுகினால் உடனே நிறுத்திவிடுங்கள்.