இறக்கத்துல மட்டும் கேபினுக்குள்ள தண்ணி கொட்டுது: பழைய லாரி, உதவி தேவை

பாவூர்சத்திரம் லோடு:
வண்டி 2005 மாடல், ஆறு வீல், கேபின் டாப்ல இரும்பு கேரியர் இருக்கு. பாவூர்சத்திரத்துல காய்கறி ஏத்தி புளியரை வழியா புனலூர், கொல்லம் போகுது. சாரல் தொடங்கினதுல இருந்து கேபினுக்குள்ள தண்ணி. புளியரை எஸ் வளைவு ஏறும்போது ஒரு சொட்டு கிடையாது. கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவுல இருந்து தென்மலைக்கு இறங்குறப்ப பிரேக் மிதிச்சா ஒரு டம்ளர் தண்ணி மொத்தமா டிரைவரோட வலது கால்ல கொட்டுது. மழை விட்டு அரை மணி கழிச்சும் இப்படித்தான். பியூஸ் பாக்ஸ் அதுக்கு நேர் பக்கத்துல, வைப்பர் பியூஸ் ரெண்டு தடவை போயிட்டு. முன் கண்ணாடியைச் சுத்தி சிலிக்கான் அடிச்சும் குறையல. கண்ணாடி ரப்பரை மாத்திரலாமா?

செங்கோட்டை டிங்கர்:
ரப்பரை இப்ப தொடாதீங்க அண்ணாச்சி. கண்ணாடி ரப்பர் ஒழுகினா மழை அடிக்கிற வரைக்கும் சொட்டுச் சொட்டா வரும், மழை விட்ட கொஞ்ச நேரத்துல நின்னுரும். ஏத்தம் இறக்கம் பாக்காது. உங்களுக்கு மொத்தமா கொட்டுதுன்னா எங்கயோ தேங்கி நிக்குது. டாப் தகடுக்கும் உள் சீலிங் பலகைக்கும் நடுவுலதான் இவ்வளவு தண்ணிக்கு இடம் உண்டு. ஏத்தத்துல பின்னால ஒதுங்குது, இறக்கத்துல பிரேக் போட்டா முன்னால ஓடி வந்து, கண்ணாடி ஓரத் தூண் வழியா டேஷ்போர்டு அடிக்கு இறங்குது. கேரியர் போல்ட்டு மேல எனக்குச் சந்தேகம். ஆனா சோதிச்சுப் பாத்துட்டு கை வைங்க.

மேட்டை எடுத்துட்டு உள்பக்கம் முழுக்கத் துடைச்சுக் காய விடுங்க. தூண், டேஷ்போர்டு அடி, கிளட்ச் பெடல் மேல் தகடு எல்லாத்துலயும் முகப்பவுடரை லேசாத் தூவுங்க. தண்ணி வந்த வழி பவுடர்ல கோடு விழுந்து தெரியும். ஒருத்தர் டார்ச்சோட உள்ள உக்காரணும், இன்னொருத்தர் ஓஸ்ல தண்ணி விடணும். நாசில் வேண்டாம், சும்மா வழிஞ்சாப் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர்ல அடிச்சா மழையில ஒழுகாத இடம்கூட ஒழுகும், குழப்பம்தான் மிச்சம்.

கீழ இருந்து மேல போங்க: வைப்பர் தண்டு, கண்ணாடிக் கீழ் ஓரம், பக்க ஓரம், மேல் ஓரம். ஒவ்வொண்ணுக்கும் 5 நிமிஷம். மேல இருந்து ஆரம்பிச்சா வழியிற தண்ணி எல்லா இடத்தையும் நனைச்சிரும், எது ஒழுகுதுன்னு பிரிக்க முடியாது. கடைசியா டாப்ல 15 நிமிஷம். அதுக்கு மட்டும் மூக்கு கீழ இருக்கிற மாதிரி சரிவுல நிறுத்தி, வீலுக்குக் கட்டை போடுங்க. சமதரையில நிறுத்தி ஊத்தினா தண்ணி மேலயே நின்னுரும், கீழ எட்டிப் பாக்காது.

புளியங்குடி கண்ணாடி வேலை:
அடிச்ச சிலிக்கானைச் சுரண்டி எடுத்திருங்க. ரப்பர் வச்ச கண்ணாடிக்கு வெளிய பட்டை கட்டினா, உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம தகடு விளிம்புல நின்னு துருவேத்தும். வினிகர் வாடை வர்ற சிலிக்கான்னா வெறும் இரும்பையே அரிக்கும். அது ஒட்டின இடத்துல பெயிண்டும் பிடிக்காது.

பாவூர்சத்திரம் லோடு:
பாத்தாச்சு. கண்ணாடி, வைப்பர் தண்டு எல்லாம் காய்ஞ்சு கிடந்தது. டாப்ல ஊத்தி 8 நிமிஷத்துல வலது தூண்ல பவுடர் கலைஞ்சு ஒரு விரல் அகலத்துக்குக் கோடு விழுந்தது. சீலிங் பலகையைக் கழட்டினா பஞ்சு ஊறிக் கிடக்கு. கேரியர் முன் கால் ரெண்டு போல்ட்டு சுத்தியும் டீத்தூள் நிறத்துல துரு, ரப்பர் வாஷர் நாலாப் பிளந்திருக்கு. ஓட்டை முட்டை வடிவத்துல இழுபட்டிருக்கு. போல்ட்டு தலையில எம்சீல் வைக்கலாமா?

செங்கோட்டை டிங்கர்:
வேண்டாம். எம்சீல் கல்லு மாதிரி இறுகும், டாப் தகடு ஓட்டத்துல ஆடும். ரெண்டுக்கும் ஒத்துவராது, ஓரத்துல முடி மாதிரி விரிசல் விட்டு அதுவே தண்ணியை உறிஞ்சும். தாரும் வெயில்ல இளகிரும்.

ஓட்டை இழுபட்டதுக்குக் காரணம், கேரியர் எடை முழுக்க ஒரு சின்ன வாஷர்ல நிக்கிறது. போல்ட்டைக் கழட்டி, ஓட்டையைச் சுத்தி 2 இஞ்சுக்கு வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும் துருவை எடுங்க. குத்தினா ஸ்க்ரூடிரைவர் உள்ள போற அளவுக்கு அரிச்சிருந்தா அந்த இடத்தை வெட்டி 18 கேஜ் தகடு வச்சுப் பத்தவைக்கணும். வெல்டிங்குக்கு முன்னால பேட்டரி நெகடிவைக் கழட்டணும், பஞ்சு, வயர் எல்லாத்தையும் ஒதுக்கணும், ஈரச் சாக்கும் தண்ணியும் பக்கத்துல இருக்கணும். அப்புறம் பிரைமர், மேல பெயிண்ட், நல்லாக் காயட்டும்.

போல்ட்டு 8 எம்.எம்., நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கிற, தானா கழலாத நட்டு). தகடுக்கு அடியில 50க்கு 50 எம்.எம். அளவு, 3 எம்.எம். கனத்துல இரும்புப் பட்டை வைங்க, எடை பரவும். மேல கேரியர் காலுக்கும் தகடுக்கும் நடுவுல ரப்பர், ஓட்டையைச் சுத்தி பியூ சீலண்ட் (பாலியூரித்தேன், காய்ஞ்சாலும் ரப்பர் மாதிரி வளையும்). முதல்ல சீலண்ட் ஓரத்துல லேசாப் பிதுங்குற அளவுக்கு மட்டும் முடுக்குங்க. ஒரே மூச்சுல முடுக்கினா எல்லாம் வெளிய வந்துரும், நடுவுல சீலண்டே நிக்காது. ஒரு நாள் விட்டு இன்னொரு கால் சுத்து கொடுங்க.

கையோட டாப் ஓரத்து மழைக்கால் (மழைத் தண்ணி வழிஞ்சு ஓடுற பள்ளம்) ஜாயிண்டையும் பாருங்க. பழைய சீலண்ட் வெடிச்சிருந்தா சுரண்டிட்டுப் புதுசு விடுங்க. 300 மில்லி டியூப் ஒண்ணு 6 எம்.எம். கனத்துல 10 மீட்டர் வரும், ஒரு கேபினுக்குத் தாராளம். காத்துல இருக்கிற ஈரம் பியூவுக்கு உதவிதான், ஆனா தடவுற இடம் எலும்பு மாதிரி காய்ஞ்சிருக்கணும்.

தென்காசி வயரிங்:
பியூஸ் பாக்ஸை அப்படியே விட்டுராதீங்க, ஒழுகல் நின்னாலும் பச்சை பூத்த டெர்மினல் சூடாகிக்கிட்டே இருக்கும். பேட்டரியைக் கழட்டி, பியூஸ் எல்லாத்தையும் எடுத்து, காண்டாக்ட் கிளீனர் அடிச்சு பழைய பல் பிரஷ்ல தேய்ங்க. காய்ஞ்சதும் வாசலின் மெல்லிசா. வயர் கட்டு மேல இருந்து நேரா பாக்ஸுக்குள்ள நுழைஞ்சா தண்ணிக்கு அதுவே ஏணி. பாக்ஸுக்குக் கீழ ஒரு தொங்கல் விட்டுத் திரும்ப மேல ஏறி நுழையட்டும், தண்ணி தொங்கல்லயே சொட்டிரும். போன பியூஸுக்குப் பதிலா பெரிய ஆம்பியர் போடவே போடாதீங்க, அடுத்து வயர் உருகும்.

பாவூர்சத்திரம் லோடு:
பட்டை வச்சு போல்ட்டு மாட்டியாச்சு, மழைக்காலும் அடிச்சாச்சு. ரெண்டு நாள் கழிச்சு சரிவுல நிறுத்தி டாப்ல 20 நிமிஷம் தண்ணி விட்டோம். தூண்ல போட்ட பவுடர் அப்படியே இருக்கு. இடது பக்கம் மட்டும் கதவு அடியில மேட் லேசா ஈரம்.

செங்கோட்டை டிங்கர்:
கதவோட அடி விளிம்புல வடிகால் ஓட்டை இருக்கும், சருகும் மண்ணும் அடைச்சிருக்கும். கம்பியால குத்தி விடுங்க. உள் அட்டைக்குப் பின்னால பாலிதீன் தாள் கிழிஞ்சிருந்தா புதுசு ஒட்டுங்க, தாளோட கீழ் ஓரம் கதவுக்கு உள்ள மடங்கி இருக்கணும். சீலிங் பலகையைப் பத்து நாள் மாட்டாதீங்க. நாலு தடவை லோடோட ஆரியங்காவு இறங்கி, போல்ட்டு அடியில ஈரம் இல்லன்னு கையால தொட்டுப் பாத்துட்டு, புதுப் பஞ்சு வச்சு மாட்டிக்கலாம்.