பராமரிப்பு முழுவதும் என் ஒருத்தியின் தலையில் இருக்கிறது. வீட்டில் எப்படிப் பகிர்ந்துகொள்வது?

கேட்டவர்: இரு பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் இளைய மகனுக்கு நான்கு வயது. அவனுக்குப் பெருமூளை வாதமும் அதோடு சேர்ந்த வலிப்பும் இருக்கின்றன. விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவதால் உணவையும் மருந்துகளையும் வயிற்றுக் குழாய் வழியாகவே கொடுக்கிறோம். தேங்கும் சளியைச் சக்ஷன் இயந்திரத்தால் எடுக்கிறோம். இரவில் ஆக்சிஜன் வைத்து, விரலில் ஆக்சிமீட்டர் மாட்டித் தூங்க வைக்கிறோம். மூத்தவள் பத்து வயதுப் பெண்.

நான் கேட்க வந்தது சிகிச்சையைப் பற்றி அன்று. எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்த இருமலைப் பொருட்படுத்தத் தேவையில்லை, எந்த இருமலுக்கு ஓட வேண்டும், சிரிஞ்சுகள் எப்போது தீரும், அடுத்த பரிசோதனை எந்தத் துறையில் என்பதெல்லாம் எனக்கு மட்டுமே தெரிகிறது. என் கணவர் உதவ மறுப்பவர் அல்லர், ஆனால் ஒவ்வோர் அடியிலும் "அடுத்து என்ன?" என்று என்னையே கேட்பதால், அவர் செய்யும் வேலையும் என் வேலையாகவே இருக்கிறது. மாமியார் பேரனை மடியைவிட்டு இறக்க மாட்டார். குழாயைக் கண்டால் மட்டும் கை நடுங்குகிறது என்று ஒதுங்கிவிடுவார். அண்மையில் எனக்குக் கடுங்காய்ச்சல் வந்தபோதும் படுத்தபடியே அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேசக்கூட முடியாத நிலை எனக்கு வந்திருந்தால் அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

"உன்னைப் போல் யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது" என்று உறவினர்கள் பாராட்டுகிறார்கள்; அது உண்மையாகவே இருப்பதுதான் எனக்குக் கவலை. இந்தப் பொறுப்பை மற்றவர்களிடம் எப்படி ஒப்படைத்தீர்கள்? மகள் தானாக முன்வந்து சக்ஷன் செய்யக் கற்றுக்கொடுக்கும்படி கேட்கிறாள், கற்றுக்கொடுப்பது சரியா?

பதில்: ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் வைக்கும் குழாய்) உள்ள குழந்தையின் தந்தை

சகோதரி, உங்கள் கணவரின் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பவன் எத்தனை ஆண்டுகள் நின்றாலும் வேலையைக் கற்றுக்கொள்வதில்லை, ஏனெனில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு ஒருபோதும் வருவதில்லை. எங்கள் வீட்டில் நிலைமை மாறியது, வேலைகளைப் பங்கு போடுவதை நிறுத்திவிட்டு நேரத்தைப் பங்கு போட்டபோதுதான். என் முறை என்றால் அந்த நேரத்தின் உணவு, மருந்து, சக்ஷன், பதிவேட்டில் எழுதுவது, தீர்ந்துபோகும் பொருளைக் கவனித்து வாங்கி வைப்பது வரை அனைத்தும் என்னுடையவை. மனைவி அந்த நேரத்தில் அறையில்கூட இருக்க மாட்டார். தொடக்கத்தில் மருத்துவமனையில் செவிலியர் முன்னிலையில் செய்தேன், பிறகு மனைவி பார்த்துக்கொண்டிருக்கச் செய்தேன், அதன் பிறகே தனியாக. இந்த வரிசையில் எதையும் தாண்டிச் செல்லாதீர்கள். குறிப்பாகக் குழாய் மாற்றுவது போன்றவற்றை வீட்டில் ஒருவர் செய்வதைப் பார்த்துக் கற்பது போதாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அவர் உங்களைப் போலவே செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். துணியை எப்படி மடிக்கிறார், எந்தப் பக்கம் முதலில் திருப்புகிறார் என்பதிலெல்லாம் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தால், மனிதர் மெல்ல விலகி, மறுபடியும் "நீயே செய்" என்ற இடத்துக்கே வந்து சேர்வார். அளவு, சுத்தம், தலையை உயர்த்தி வைப்பது ஆகியவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எங்கள் மகளுக்கு உரிய அளவில் ஒரு மாற்றுக் குழாயும், அதைவிட ஓர் அளவு சிறிய இன்னொரு குழாயும், கையடக்கச் சக்ஷன் இயந்திரமும் எப்போதும் ஒரே பையில் இருக்கும். அவள் அறை மாறினால் பையும் மாறும். அந்தப் பையைச் சரிபார்ப்பதும் முறை மாறும்போது நடக்கும் வேலைகளில் ஒன்று. மூத்த மகன் பதின்ம வயதில் சக்ஷன் செய்யக் கற்றுக்கொண்டான். அதில் தவறொன்றும் இல்லை என்பது என் கருத்து.

பதில்: ஓய்வுபெற்ற குழந்தைகள் பிரிவுச் செவிலி

அம்மா, உங்கள் தலைக்குள் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை, அதையும் இரண்டு தனித்தனித் தாள்களாகச் செய்யுங்கள். ஒன்று அன்றாடத்துக்கு, மற்றொன்று அவசரத்துக்கு. இரண்டையும் ஒன்றாக எழுதினால் பதற்றமான நேரத்தில் எதுவும் கண்ணில் படாது.

அன்றாடத் தாளில் ஒவ்வொரு மருந்தையும் மில்லிகிராமிலும் மில்லிலிட்டரிலும் சேர்த்து எழுதுங்கள், ஏனெனில் ஒரே மருந்து வெவ்வேறு அடர்த்தியில் வருவதுண்டு, புதிய பாட்டில் வேறு அடர்த்தியில் வந்திருந்தால் "5 மி.லி." என்ற குறிப்பு மட்டுமே பெரிய ஆபத்தாகிவிடும். மருந்துகளை ஒன்றோடொன்றும் உணவோடும் கலக்காமல் தனித்தனியாகக் கொடுத்து, முன்னும் பின்னும் இடையிலும் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும் என்பதையும், எவ்வளவு தண்ணீர் என்பதையும் எழுதுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. எவை அப்படிப்பட்டவை என்று மருந்தாளுநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சக்ஷன் கதீட்டரை (சளியை உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழாயை) எத்தனை சென்டிமீட்டர் செலுத்தலாம் என்பதை எண்ணாகவே எழுத வேண்டும். "கொஞ்சம் உள்ளே" என்பது புதிதாகக் கற்பவருக்கு எந்தப் பொருளும் தராது.

அவசரத் தாளில் நோயின் பெயர், உடல் எடை, ஒவ்வாமை, தற்போதைய மருந்துகள், அவனுக்கு இயல்பான ஆக்சிஜன் அளவு, மருத்துவர்களின் எண்கள் ஆகியவை இருக்கட்டும். இயல்பு நிலை எது என்பதை எழுத மறக்காதீர்கள்; அவன் எப்போதும் அப்படித்தான் மூச்சுவிடுவான் என்பது முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் அவசர மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 1999இல் இதற்கென்றே ஒரு படிவத்தை முன்வைத்தன. அதை முன்மாதிரியாகக் கொண்டு உங்கள் மருத்துவரிடமே நிரப்பி வாங்கலாம். வலிப்பு 5 நிமிடங்களைத் தாண்டினால் என்ன செய்வது, உங்களுக்கு எழுதிக் கொடுத்த அவசர மருந்து எது, அதைக் கன்னத்தின் உட்புறம் விடுவதா மூக்கில் விடுவதா, எப்போது அவசர ஊர்தியை அழைப்பது என்பவை பெரிய எழுத்தில் மேலே இருக்க வேண்டும்.

வயிற்றுக் குழாய் கழன்று வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஆறிப்போன பழைய துளையாக இருந்து, உங்களுக்கு அதற்கான பயிற்சியும் இருந்தால் மாற்றுக் குழாய் போடலாம். அறுவை முடிந்து சில வாரங்களே ஆன துளையில் வீட்டில் எதையும் நுழைக்கக் கூடாது. நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. கை நடுங்குவதைக் குறையாக எண்ணாதீர்கள். பேரன்மேல் உள்ள பொறுப்புணர்வுதான் அப்படி வெளிப்படுகிறது. ஒரு பொம்மையின் வயிற்றில் பழைய குழாயைப் பொருத்தி, வெறும் தண்ணீரை வைத்துப் பழகச் சொல்லுங்கள். அதன் பிறகும் மனம் வரவில்லை என்றால், வலிப்பை அடையாளம் கண்டு ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் வைக்காமல் இருப்பது, நேரம் பார்ப்பது, தொலைபேசியில் அழைப்பது ஆகியவற்றை அவர் உறுதியாகக் கற்றுக்கொண்டாலே நீங்கள் குளிக்கப் போகலாம்.

பதில்: அக்காவாக வளர்ந்தவள்

அக்கா, உங்கள் மகளின் இடத்திலிருந்து ஒரு பதில். என் தம்பிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான்.

மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு நான் முழுவதுமாக உடன்படவில்லை. பதின்ம வயதுப் பையன் கற்றுக்கொண்டது வேறு. பத்து வயதுப் பெண் கேட்பது வேறு. அவள் கேட்பதற்குள் பல காரணங்கள் இருக்கலாம்: உண்மையான ஆர்வம் இருக்கலாம், உங்கள் களைப்பைப் பார்த்த பரிவு இருக்கலாம், அம்மாவின் பக்கத்தில் இருக்க இது ஒன்றுதான் வழி என்ற கணக்கும் இருக்கலாம். நான் மூன்றாவது காரணத்துக்காகவே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். கருவியைக் காட்டுங்கள், எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தண்ணீர் விட்டு அலசும் வேலையைக்கூடக் கொடுங்கள். ஆனால் தம்பியின் மூச்சுக்கு அவள் பொறுப்பு என்ற நிலை ஒரு நிமிடத்துக்குக்கூட வரக் கூடாது, ஏனெனில் அவன் உடல்நிலை மோசமாகும் ஏதோ ஒரு நாளில், தான் சரியாகச் செய்யவில்லை என்று அவள் தனக்குள்ளேயே முடிவு கட்டிவிடுவாள், உங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

நோயைப் பற்றிய உண்மையை அவள் வயதுக்கேற்ற அளவில் சொல்லிவிடுங்கள். சொல்லாத இடத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே நிரப்பிக்கொள்கிறார்கள். நான் பொறாமைப்பட்டதால்தான் தம்பிக்கு இப்படி ஆனது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் கணவர் தன் முறையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும், கிடைக்கும் நேரத்தில் வாரம் ஒருமுறையாவது சிறிது பொழுதை அவளுக்கென்று ஒதுக்குங்கள். அதைத் தம்பியின் பரிசோதனைக்காகத் தள்ளிப்போடாதீர்கள் என்பேன். முடியாத வாரங்களும் வரத்தான் செய்யும். அப்போது அதே நாளில் மாற்று நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி: இரு பிள்ளைகளின் தாய்

மிக்க நன்றி. இரண்டு தாள்களையும் எழுதி முடித்துவிட்டேன். எழுதும்போதுதான், இரண்டு மருந்துகளின் நேரத்தை எதற்காக அப்படி வைத்திருக்கிறோம் என்பது எனக்கே நினைவில்லை என்று தெரிந்தது. கணவர் மருத்துவமனையில் செவிலியர் முன்னிலையில் பழகிவிட்டு, மாலை உணவிலிருந்து நள்ளிரவு வரை தன் முறையாக எடுத்துக்கொள்கிறார். மகளிடமும் பேசினேன், அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்கும் இது வருமா?" என்பது. இத்தனை நாள் அதை மனத்தில் வைத்துக்கொண்டே சக்ஷனைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. என் முறை இல்லாத நேரத்திலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அடுத்த அறையில் ஆக்சிமீட்டர் ஒலித்தால் கணவருக்கு முன் நான் எழுந்து நிற்கிறேன். இதற்கு என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற குழந்தைகள் பிரிவுச் செவிலி

அந்த ஒலிகளில் எத்தனை உண்மையானவை என்று சில இரவுகள் குறித்துவையுங்கள். கால் அசைந்தாலும், விரல் குளிர்ந்திருந்தாலும், உணரி தளர்ந்திருந்தாலும் ஆக்சிமீட்டர் தவறான எண்ணைக் காட்டி ஒலிக்கும். முதலில் குழந்தையின் நிறத்தையும் மூச்சையும் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். குறிப்பை மருத்துவரிடம் காட்டினால், எந்த அளவுக்குக் கீழே போனால், எத்தனை வினாடி நீடித்தால் ஒலிக்க வேண்டும் என்பதை அவனுக்கேற்ப மாற்றித் தர இயலுமா என்று பார்ப்பார். நீங்களாக மாற்றாதீர்கள். உணரியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு விரலுக்கு மாற்றினால் தோலும் புண்ணாகாது.

அதே சந்திப்பில் மருந்து அட்டவணையையும் மேசையில் வைத்து, "இவற்றில் எதை நிறுத்தலாம், எவற்றை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரலாம்?" என்று கேளுங்கள். பல துறைகளின் மருத்துவர்கள் தத்தம் மருந்தைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். மொத்தத்தையும் பார்த்துக் குறைக்க யாராவது ஒருவரை நீங்கள்தான் கேட்க வேண்டும். நள்ளிரவு மருந்தொன்று மாலைக்கு நகர்ந்தாலே உங்கள் தூக்கம் நீளும். வலியையும் வேதனையையும் தணித்துக் குடும்பத்துக்கும் துணை நிற்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழு உங்கள் மருத்துவமனையில் இருந்தால் அவர்களையும் அணுகலாம். இறுதி நாட்களுக்கு மட்டுமானது என்று எண்ணிப் பெற்றோர் பலர் தயங்குகிறார்கள்; உலகச் சுகாதார நிறுவனம் 1998இலேயே, குழந்தைகளுக்கான இந்தப் பராமரிப்பு நோய் கண்டறியப்பட்டபோதே தொடங்குவது, நோயைக் குறிவைக்கும் சிகிச்சை நடக்கிறதா இல்லையா என்பதைச் சார்ந்ததன்று என்று வரையறுத்திருக்கிறது.

கணவரின் முறையில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலி எட்டாத அறையில் படுங்கள். தேவைப்பட்டால் அவர் வந்து எழுப்புவார் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்குப் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால், உங்கள் பொருட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். அந்தச் சந்திப்பில் மகனைப் பற்றிப் பேச வேண்டாம்.