24 வயதில் ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். மெர்லின் ஓட்டியைப் பற்றி அறிந்தவர்கள் எழுதுங்கள்

கொருக்குப்பேட்டை அண்ணன்:
வணக்கம். என் தங்கை 200 மீட்டர் ஓடுகிறாள். வாரத்தில் நான்கு நாள் வியாசர்பாடியில் மண் தரையில் பயிற்சி. மற்ற நாட்களில் பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்தின் செயற்கை ஓடுதளம். அங்கே போகும்போது, பேருந்தில் மடியிலேயே ஸ்பைக்ஸ் காலணியை வைத்துக்கொண்டு, நீள ஆணிகளைக் கழற்றிக் குட்டை ஆணிகளைத் திருகிவிடுவாள். சென்ற ஆண்டு பின்தொடைத் தசை கிழிந்ததிலிருந்து, "இருபத்து நான்கு ஆகிவிட்டது, போதும்" என்கிறார்கள் உறவினர்கள். நாற்பது வயதில் ஒலிம்பிக்கில் ஓடிய ஜமைக்கா வீராங்கனையைப் பற்றி அவள் அடிக்கடி பேசுகிறாள். அது உண்மைதானா?

பெரம்பூர் வாசகர்:
முழு உண்மை. மெர்லின் ஓட்டி 1980 மாஸ்கோவில் 200 மீட்டரில் வெண்கலம் வென்று தொடங்கி, 2004 ஏதென்ஸ் வரை ஏழு ஒலிம்பிக்குகளில் ஓடினார். மொத்தம் 9 பதக்கங்கள், அவற்றில் ஒன்றுகூடத் தங்கம் இல்லை. 1996 அட்லாண்டாவின் 100 மீட்டரில் அவருக்கும் கெயில் டிவர்ஸுக்கும் ஒரே நேரம், 10.94 நொடி, புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் டிவர்ஸுக்குப் போனது. அதற்கு மூன்றாண்டு முன்பு ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியிலும் இதே இருவர், இதே முடிவு. மனம் உடைந்து போக இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதே ஸ்டுட்கார்ட்டில் அவர் 200 மீட்டர் தங்கத்தை வென்றார். 2000 சிட்னியில் 100 மீட்டரில் நான்காவதாக வந்தார்; முதலாவதாக வந்த மேரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்ட பிறகு அந்த வெண்கலம் அவருக்கு வந்து சேர்ந்தது. 2002இல் ஸ்லோவேனியக் குடியுரிமை பெற்று, 2012இல் 52 வயதில் ஐரோப்பியப் போட்டியின் தொடர் ஓட்டத்திலும் ஓடினார்.

ராயபுரம் பழைய ஓட்டக்காரர்:
தம்பி, ஓட்டியைப் போல எல்லோராலும் முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை, நம் பக்கத்துப் பிள்ளைகள் வயதானதால் நின்றதில்லை; தசை முழுதாக ஆறும் முன்பே அடுத்த மாவட்டப் போட்டிக்கு ஓடி, மறுபடி கிழித்துக்கொண்டுதான் நின்றார்கள், நானும் அப்படித்தான் நின்றேன். வலி போய்விட்டது என்பதும் தசைக்குப் பலம் திரும்பிவிட்டது என்பதும் வேறு வேறு. இயன்முறை மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு, தங்கையை முழங்காலிடச் சொல்லி, நீங்கள் பின்னாலிருந்து இரண்டு கணுக்கால்களையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் இடுப்பை மடக்காமல் மிக மெதுவாக முன்னால் சாயவேண்டும். பின்தொடைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இன்னொன்று. ஓடுவதற்கு அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கோ பொதுவாக 25 வயதுதான் வரம்பு. சான்றிதழ்களை உடனே எடுத்து வையுங்கள்.

கொருக்குப்பேட்டை அண்ணன்:
மிக்க நன்றி ஐயா. அவளுக்கு 25 முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. சான்றிதழ்கள் அம்மாவின் பீரோவில் உள்ளன, இன்றிரவே எடுக்கிறேன். மருத்துவர் சரி என்றதும் கணுக்காலை நானே பிடித்துக்கொள்கிறேன்.