மீன் மேலே வருகிறது, என்ன மருந்து போடலாம்? அவசரம்

குறிஞ்சிப்பாடி_குட்டை:
அண்ணன்மார்களே, அவசரம். குட்டையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. நாலைந்து செத்தும் மிதக்கிறது. மருந்துக்கடையில் ஒரு நீல டப்பா கொடுத்தார்கள், 1,800 ரூபாய். போடலாமா, வேண்டாமா? படம் போட்டிருக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

பாகூர்_ஏரிக்கரை:
என்ன மீன்? குட்டை எவ்வளவு பெரிசு? எத்தனை குஞ்சு விட்டீர்கள்? எந்த நேரத்தில் மேலே வருகிறது? படத்தில் தண்ணீரும் உங்கள் நிழலும்தான் தெரிகிறது தம்பி.

வலைவீச்சு:
மீன் உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும் பேன்தான், சந்தேகமே வேண்டாம். மழை பிடித்தால் எங்கள் பக்கம் எந்தக் குட்டையிலும் இதே கதைதான். ஒரு மீனைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மிளகை நசுக்கி ஒட்டியது போல செதில் மேல் தட்டையாக இருக்கும், நகத்தால் தள்ளினால் நகரும். டப்பாவைப் போட்டுவிடுங்கள்.

கரும்புக்காடு_நெல்லிக்குப்பம்:
எதுவானாலும் முதலில் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு அடங்காத நோய் குட்டையில் கிடையாது.

கெண்டைப்புலி:
இதைப் போன ஐப்பசியிலேயே விரிவாக எழுதிவிட்டேன். தேடிப் படிக்க இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. சரி, இன்னொரு தரம் பால பாடம் நடத்துகிறேன். பேன் பிடித்த மீன் மூங்கிலில் உரசும், திடீரென்று துள்ளும். வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்பது மூச்சு முட்டுவதால். விடியலில் வந்து வெயில் ஏறியதும் இறங்கினால் கோளாறு தண்ணீரில். வெயில் ஏறிய பிறகும் நாள் முழுக்க அப்படியே நின்றால் செவுளைப் பார்க்க வேண்டும். நேரத்தைக் கேட்காமலே மருந்து சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது.

வலைவீச்சு:
புலி ஐயா உறுமாமல் பேசினால் நாங்களும் கற்றுக்கொள்வோம்.

குறிஞ்சிப்பாடி_குட்டை:
கட்லா, ரோகு, கொஞ்சம் மிர்கால். 40 சென்ட். 3,000 குஞ்சு. காலையில்தான் வருகிறது, 9 மணிக்கு மேல் குறைகிறது. கட்லாதான் அதிகம். தவிடும் புண்ணாக்கும் போட்டால் அப்படியே கிடக்கிறது. தண்ணீர் நல்ல பச்சை. போர் தண்ணீர் விடலாமா?

பாகூர்_ஏரிக்கரை:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! நாலு நாளாக மப்பும் மந்தாரமுமாகக் கிடக்கிறது. பச்சைத் தண்ணீரில் இருக்கும் பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரி அதுவே எடுத்துக்கொள்ளும். வெயில் இல்லாவிட்டால் கொடுப்பது குறைந்துவிடும், எடுப்பது குறையாது. அதனால்தான் விடியலுக்கு முன்னால் மீன் திணறுகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கவலை இல்லை, 3-க்குக் கீழே போனால் ஆபத்து.

ஏக்கருக்கு 4,000 குஞ்சு என்று வைத்தால் 40 சென்ட்டுக்கு 1,600. நீங்கள் ஏறக்குறைய இரண்டு பங்கு விட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே தீனியை நிறுத்துங்கள். கிடக்கிற புண்ணாக்கு அழுகி இன்னும் ஆக்சிஜனைத் தின்னும். நடுநிசிக்கு மேல் மோட்டார் போட்டுக் குட்டைத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். போர் தண்ணீரும் விடலாம், ஆனால் குழாயை அப்படியே உள்ளே முக்கிவிடாதீர்கள். நிலத்தடித் தண்ணீரில் ஆக்சிஜன் சொற்பம், காற்றில் பட்டு விழுந்தால்தான் பிரயோஜனம்.

கரும்புக்காடு_நெல்லிக்குப்பம்:
கூடவே கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் என்ன கெட்டுப்போகும்?

மீன்வளம்_படித்தவள்:
கெடும் அண்ணா. இவ்வளவு பச்சையாக இருந்தால் சாயங்காலம் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 9-ஐத் தொட்டாலும் தொடும். அதில் சுண்ணாம்பைக் கொட்டினால் இன்னும் ஏறும். பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். விடியலில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அளந்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

குறிஞ்சிப்பாடி அண்ணா, மிதக்கிற மீனை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, செத்துக் கொஞ்ச நேரத்தில் செவுள் வெளுத்துவிடும். திணறல் அடங்கிய பிறகு வீச்சுவலை போட்டு ஒவ்வொரு வகையிலும் சில மீனை உயிரோடு பாருங்கள். நல்ல மீன் கையில் நிற்காது, உதறும். தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினால் வாலை விரித்து நேராக வைத்திருக்கும், நோய்ப்பட்டதற்கு வால் தொங்கும். உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தால் கண் சாயாமல் பழைய நிலையிலேயே நிற்கப் பார்க்கும், நலிந்த மீனில் அதுவும் இருக்காது. அப்புறம் செவுள் மூடியைத் தூக்குங்கள். ரத்தச் சிவப்பு என்றால் நல்லது. வெளுத்திருந்தாலோ, திட்டுத் திட்டாக அழுகியிருந்தாலோ, வழவழப்பு அதிகமாகக் கட்டியிருந்தாலோ உடனே படம் எடுத்துப் போடுங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் தண்ணீரில் கழிவிலிருந்து சேரும் நைட்ரைட் என்ற விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். துடுப்பின் அடியையும் வயிற்றையும் விட்டுவிடாதீர்கள், பேனும் சிவப்புப் புள்ளியும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது? பேன் மருந்து என்று விற்பதில் பல பூச்சிக்கொல்லிதான். மூச்சுத் திணறுகிற மீன் மேல் அதைப் போடவே கூடாது. பெர்மாங்கனேட் என்ற கிருமிநாசினி என்றாலும் இப்போது வேண்டாம், பாசி மொத்தமாகச் செத்தால் மிச்ச ஆக்சிஜனும் போய்விடும்.

கெண்டைப்புலி:
பரவாயில்லை, இழையில் ஒருவராவது படித்திருக்கிறார். ஒன்றை விட்டுவிட்டீர்கள். கரையில் நின்று கையைத் தட்டினால் மேலே நிற்கும் மீன் சட்டென்று உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் இன்னும் தெம்பு இருக்கிறது. தட்டியும் அசையாமல் நின்றால் மோட்டாருக்கு ஓடுங்கள், இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்காதீர்கள்.

வலைவீச்சு:
தண்ணீர் இவ்வளவு பச்சையானது எதனால் என்று யாருமே கேட்கவில்லையே? கோழி எரு போட்டிருப்பார்.

கரும்புக்காடு_நெல்லிக்குப்பம்:
கோழி எருவுக்கு என்ன குறை? எங்கள் குட்டையில் அதுதான் போடுகிறேன், கட்லா கொழுத்துக் கிடக்கிறது.

வலைவீச்சு:
சாணி போடுகிற குட்டை மீனையும் உங்கள் மீனையும் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் தெரியும் சேதி.

கரும்புக்காடு_நெல்லிக்குப்பம்:
வீராணத்து மீனையே சேற்று வாடை என்கிற ஆள் நீங்கள். உங்கள் நாக்கை நம்பி யார் தீர்ப்பு எழுதுவது.

பாகூர்_ஏரிக்கரை:
இரண்டு பேரும் தனி இழை திறந்து சண்டை போடுங்கள். சாணியோ கோழி எருவோ, பச்சை ஏறிய குட்டையில் இரண்டையுமே நிறுத்த வேண்டும். முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் எரு அதிகம். தம்பி, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆளையே காணோமே?

குறிஞ்சிப்பாடி_குட்டை:
மோட்டார் ஓடுகிறது. இன்று காலை ஐந்தாறுதான் மேலே வந்தது. கை தட்டினால் உள்ளே போகிறது. வலை போட்டேன், ரோகுவில் இரண்டு மூன்றில் பேன் இருக்கிறது. டப்பாவைத் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

வலைவீச்சு:
அன்றைக்கே சொன்னேனா இல்லையா!

கெண்டைப்புலி:
ரோகுவில் பேன், அதிகம் திணறியது கட்லா, வந்தது விடியலில். மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரியாதவரோடு நான் வாதம் செய்வதில்லை.

மீன்வளம்_படித்தவள்:
அண்ணா, அங்கங்கே நாலு மூங்கில் நட்டு வையுங்கள். பேன் அதில்தான் முட்டை ஒட்டும். சில நாளுக்கு ஒரு தரம் பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயவிட்டு மறுபடி நடுங்கள், மருந்து இல்லாமலே பாதி குறையும். தீனி இப்போதைக்கு வேண்டாம், வெயில் வந்த பிறகு கொஞ்சமாகத் தொடங்கலாம். விற்கிற அளவுக்கு வந்த மீன் இருந்தால் பிடித்து நெருக்கத்தைக் குறையுங்கள். கட்லாவின் செவுள் என்ன நிறத்தில் இருந்தது?

பாகூர்_ஏரிக்கரை:
அவர் போய்விட்டார் தங்கச்சி. அடுத்த மூடாப்புக்கு வருவார்.