அம்மாவோடு பூக்களின் பள்ளத்தாக்கு: போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் அம்மாவை உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கு 63 வயது. பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். நீலப் பாப்பி மலரை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நான் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். 1939-ல் அங்கே பூச்செடி சேகரிக்கும்போது வழுக்கி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறையையும் பார்க்க வேண்டுமாம்.

ஹரித்துவாரிலிருந்து ஜோஷிமட் வழியாக கோவிந்த்காட், அங்கிருந்து புல்னாவுக்கு ஜீப். அதுவரை கவலையில்லை. புல்னாவிலிருந்து, பூங்காவுக்கு அருகில் தங்கும் ஊரான காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம்தான் யோசனையாக இருக்கிறது. அம்மா சமதளத்தில் நன்றாக நடப்பார். இறக்கத்தில் வலது முழங்கால் வலிக்கும். ஏறும்போது கோவேறு கழுதையில் போகலாம். மழையில் நனைந்த கல்பாதையில் அதன்மேல் உட்கார்ந்து இறங்குவது பாதுகாப்பா? பள்ளத்தாக்குக்குள் முதுகுக் கூடையில் தூக்கிப்போகும் ஆட்கள் கிடைப்பார்களா, முதல் நாளே சொல்லிவைக்க வேண்டுமா?

பூங்காவுக்குள் இரவு தங்க முடியாது என்பதால் காங்கரியாவில் மூன்று இரவு வைத்திருக்கிறேன். 3,000 மீட்டர் உயரம் உடம்புக்குப் பழக, முன்னதாக ஜோஷிமட்டில் ஒரு நாள் போதுமா? நிலச்சரிவில் சாலை அடைபட்டால் என்று திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாள் விட்டிருக்கிறேன். குறைவு என்றால் தயங்காமல் சொல்லுங்கள், டிக்கெட்டை மாற்றிவிடுகிறேன். காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் சீக்கியக் கோயிலுக்குப் போகும் ஏற்றத்தை அம்மாவுக்காக விட்டுவிட்டேன்.

வயதான பெற்றோருடன் போனவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.