கசியும் பழைய வத்தைக்கு ஃபைபர் போர்த்தலாமா, கலப்பற்றே போதுமா?

கேள்வி: மண்டபம் கரையோரன்

என் தந்தையார் 14 ஆண்டுகளாகப் பாக் நீரிணையில் ஓட்டிவரும் 26 அடி மர வத்தை (சிறு மீன்பிடிப் படகு), சென்ற வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அதிகமாகக் கசிகிறது. முன்பெல்லாம் காலையில் ஒருமுறை தண்ணீர் இறைத்தால் போதும். இப்போது வலையை இழுத்து முடிப்பதற்குள் இரண்டு முறை இறைக்க வேண்டியிருக்கிறது. பலகைகள் வங்குகளில் (படகின் விலா மரங்களில்) இரும்பாணியால் அடிக்கப்பட்டவை. உள்ளே டீசல் எஞ்சின் இருக்கிறது. ஆண்டுதோறும் முந்திரி ஓட்டு எண்ணெய் பூசி வருகிறோம்.

வெளிப்புறம் முழுவதும் மூன்று அடுக்கு மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டிவிட்டால், பலகை இடுக்குகளில் பஞ்சு அடித்து அடைக்கும் கலப்பற்றுச் செலவே இனி இராது என்று ஃபைபர் பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார். தந்தையாருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால், படகுத் தச்சர்களான ஓடாவிகள் எல்லோரும் விசைப்படகு வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓடாவி வீட்டுப் பிள்ளை

தம்பி, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. வத்தையைக் கரையேற்றி, ஏராவுக்கும் (படகின் அடிமரத்துக்கும்) பக்கங்களுக்கும் நல்ல முட்டுக் கொடுத்து, வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிட்டபின், உள்ளே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை என்பதால் ஆசைப்பட்டு நிரப்பிவிட வேண்டாம். வெளியே சொட்டும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தால், கசிவது பலகை இடுக்கா, ஆணித் துளையா, புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியேறும் குழாயா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஷாஃப்ட்டுக் கசிவைப் பலகைக் கசிவென்று நினைத்துப் படகு முழுவதும் கலப்பற்று அடித்துவிட்டு, மறுவாரமே திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நீர்மட்டத்துக்குக் கீழே நான்கைந்து ஆணிகளைப் பிடுங்கிப் பாருங்கள். தலை நன்றாக இருந்தாலும், பலகையும் வங்கும் சேரும் இடத்தில் தண்டு ஊசிபோல் மெலிந்திருக்கும். சுற்றியுள்ள மரமும் கறுத்து மெத்தென்று ஆகியிருக்கும். அப்படி இருந்தால் பலகையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை என்று பொருள். அந்த நிலையில் கலப்பற்றுப் பஞ்சை அடித்தால் இடுக்கு இறுகாது. பலகைதான் வங்கை விட்டு நகரும்.

மறுமொழி: பட்டறை அனுபவம்

நான் ஃபைபர் வேலை செய்பவன். இருந்தாலும் உங்கள் வத்தைக்கு இப்போது ஃபைபர் போர்த்தச் சொல்ல மாட்டேன். நீங்களே எழுதியிருக்கும் முந்திரி ஓட்டு எண்ணெய்தான் முதல் காரணம். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் மேட்டை ஒட்டும் பாலியெஸ்டர் ரெசின் இறுகுவதைத் தடுக்கும். 14 ஆண்டுகளாகப் பலகைக்குள் இறங்கிய எண்ணெயை மேலோட்டமாகத் தேய்த்து எடுத்துவிட முடியாது. மேலே கல்போல் இறுகி, மரத்தைத் தொடும் பக்கத்தில் பிசுபிசுப்பாகவே நிற்கும் ஃபைபர், நாளடைவில் தோல்போல் உரிந்து வந்துவிடும்.

இரண்டாவது காரணம் ஈரம். போர்த்த வேண்டுமானால் மரத்தின் ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். உப்பு ஊறிய பலகை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, நிழலில் வாரக்கணக்காகக் காயவைக்க வேண்டும். ஈரமானி இல்லாவிட்டால், ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள்; தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் மரம் இன்னும் காயவில்லை.

எடையையும் கணக்கிடுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் ஓர் அடுக்குக்கு, அதன் எடையைப்போல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். 20 சதுர மீட்டர் பரப்பில் மூன்று அடுக்கென்றால் ரெசின் மட்டும் ஏறத்தாழ 67 கிலோ, மேட்டும் சேர்த்து 95 கிலோ. இவ்வளவுக்கும் ஆகும் பணத்தில் பாதிப் பலகைகளையே மாற்றிவிடலாம் என்பது என் கணிப்பு.

சிறு இடங்களில் நீங்களே ரெசின் வேலை செய்வதானால் ஓர் எச்சரிக்கை. ரெசின் இறுகுவதற்காகச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துவிடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுமையாகக் கலக்கிய பிறகே, கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

மறுமொழி: தொண்டிக்காரர்

மேலே சொன்னவரோடு முழுவதும் ஒத்துப்போக மாட்டேன். எங்கள் வள்ளத்துக்கு ஃபைபர் போர்த்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன, இன்றுவரை உரியவில்லை. ஆனால் அது எண்ணெயே காணாத புதுப் பலகை. கட்டி முடித்த கையோடு, கடலில் இறக்குவதற்கு முன்பே போர்த்தினோம். என் மைத்துனர் அதைப் பார்த்துவிட்டுத் தன் பழைய வள்ளத்துக்கும் செய்தார். இரண்டாம் மழைக்காலத்தில் ஏராவை ஒட்டிய பலகையில் ஃபைபர் வயிறுபோல் உப்பிவிட்டது. கத்தியால் கீறியபோது நாற்றமடித்த நீர் வழிந்தது. உள்ளே மரம் ஈரச் சக்கையாக இருந்தது. அவர் படகுக்கு மேல்மூடி இல்லாததால் மழைநீர் உள்ளே தேங்கியிருக்கிறது. கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்தை விரைவாக மக்கச் செய்யும். ஃபைபரோ அது வெளியேற வழியில்லாமல் அடைத்துவிட்டது.

மறுமொழி: மண்டபம் கரையோரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஷாஃப்ட் குழாயைச் சுற்றித்தான் அதிகமாகச் சொட்டியது. இடதுபுறம் ஏராவை ஒட்டிய இடுக்கில் இரண்டு முழ நீளத்துக்கும், அதற்கு மேலே ஐந்து ஆணித் துளைகளிலும் ஈரம் தெரிந்தது. பிடுங்கிய ஐந்து ஆணிகளில் மூன்று பாதியாக மெலிந்திருந்தன. செப்பாணி அடிக்கலாமா?

மறுமொழி: ஓடாவி வீட்டுப் பிள்ளை

பழைய இரும்பாணிகளுக்கு நடுவே செப்பாணி வேண்டாம், தம்பி. உப்புநீரில் இரண்டு உலோகமும் அருகருகே இருந்தால் இரும்பு இன்னும் விரைவாக அரிக்கப்படும். பழைய துளையில் மரமுளை அடித்து அடைத்துவிட்டு, இரண்டு விரல் தள்ளி, வங்கில் கெட்டியான இடம் பார்த்து துத்தநாகம் பூசிய ஆணியை அடியுங்கள். இடுக்கில் பஞ்சுத்திரியை அளவாக அடித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பூச்சை வையுங்கள். காய்ந்த பலகையில் பஞ்சை இறுக்கித் திணித்தால், தண்ணீரில் பலகை உப்பும்போது பக்கத்து ஆணியையே கழற்றிவிடும். ஷாஃப்ட் குழாயில் நீர் புகாமல் அடைக்கும் பேக்கிங்கை முதலில் மாற்றுங்கள். இறக்கிய பிறகு இரண்டு நாள் கரையருகிலேயே கட்டிவைத்து, பலகை ஊறியபின் எவ்வளவு கசிகிறது என்று பார்த்து எழுதுங்கள்.